இறங்காத வண்டி

பால் பொங்கி வரும் நேரத்தில் அடுப்பு அணைந்தது.

காற்றடித்து அணையவில்லை, ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. நீலச் சுடர் ஒரு தரம் எம்பியது, மஞ்சளாகிக் குட்டையானது, பிறகு பர்னரின் துளைகளுக்குள் ஒவ்வொன்றாகப் போய் அடங்கிக்கொண்டது. அவள் குமிழை முழுக்கத் திருப்பிப் பார்த்தாள். உஸ்ஸென்ற சத்தம்கூட வரவில்லை. முந்தாநாள்தான் புது சிலிண்டர் மாட்டியது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு இன்னும் பால்பல்லே விழ ஆரம்பிக்கவில்லை. அதற்குள் ஒரு சிலிண்டரைத் தின்று தீர்த்தோம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் இப்போது எது நின்றுபோனாலும் அவன்தான் வர வேண்டும். அவன் விமான மெக்கானிக். ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன ஓடுதளத்தில், சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் பார்த்துக் கொடுப்பவன். வந்தவன் குனிந்து சிலிண்டரை ஒரே கையால் தூக்கினான். அது வெற்றுக் குடம்போல எழுந்து வந்தது.

"காலி அண்ணி."

"முந்தாநாள் நீதானே தம்பி கொண்டாந்து மாட்டின?"

"ஆமா. தூக்கிட்டு வந்ததுல பிடிச்ச இடுப்பு இன்னும் விடல." ரப்பர் குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. குனிந்து மோந்து பார்த்தான். "லீக் ஆயிருந்தா வீடே நாறியிருக்கணும். எங்க போச்சுன்னே தெரியல."

தீர்ந்துபோச்சு என்ற சொல்லை இருவருமே அந்த வீட்டில் சொல்வதில்லை.

அவளுடைய கணவர் பல் டாக்டர். வாரம் முழுக்க ஊரார் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பவன் ஞாயிற்றுக்கிழமையாவது வானத்தைப் பார்க்க வேண்டாமா என்று சொல்லி, தம்பியோடு கூட்டுச் சேர்ந்து பழைய விமானம் ஒன்றை வாங்கி, பிறகு அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கியவர். வீட்டில் அதற்கு வண்டி என்று பெயர். அவருக்குக் கேப்டன் என்று பெயர், கிண்டலாக. அவள் ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுப்பவள். காதுக்காரியும் பல்லுக்காரரும் கட்டிக்கொண்டால் பிள்ளைகள் மூக்கும் முழியுமாகப் பிறக்கும் என்று கல்யாணத்தில் நண்பர்கள் சிரித்தார்கள். அப்படியேதான் பிறந்தார்கள், இரண்டு பெண்கள். பெரியவளை வாலு என்று கூப்பிடுவார்கள். வாலு அப்பாவோடு பறப்பாள். வெளியே எட்டிப் பார்ப்பதற்காகத் தலையணை போட்டு உட்காருவாள். சின்னவளுக்கு மேலே போனால் வாந்தி வரும், அதனால் அம்மாவோடு வீட்டில் இருந்துகொள்வாள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இறங்குவதற்கு முன் வண்டி வீட்டுக்கு மேலே ஒரு வட்டம் அடிக்கும். அவள் சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிக் கையாட்டுவாள். வீட்டில் கொடுத்து வைத்திருந்த கையடக்க ரேடியோவில் வாலுவின் குரல் வரும்: "அம்மா, வந்துட்டோம். பசிக்குது." அப்படிப் பேசுவது சட்டப்படி தப்பு. கேப்டன் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வட்டம் அடித்தார்கள். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்த நேரம். கையாட்டினாள். வண்டி ஓடுதளத்தின் பக்கம் திரும்பியது, இருமியது, மறுபடி இருமியது. சத்தம் நின்றது. அதன் பிறகு இறக்கையில் காற்று உரசும் ஓசை மட்டும், யாரோ படுக்கை விரிப்பை நிதானமாக இழுப்பது போல, கேட்டுக்கொண்டே இருந்தது. அதுவும் ஓய்ந்தது. இடிச்சத்தம் இல்லை, புகை இல்லை. ஓடுதளத்துக்குக் கொஞ்சம் முன்னால், அறுவடை முடிந்த வயலில், இருவரும் கிடைத்தார்கள்.

"தீப்பிடிக்கல அண்ணி," என்றான் கொழுந்தன், ஆஸ்பத்திரி வராந்தாவில். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தொடங்கியவன் சொல்லி முடிக்கும்போது உடைந்துபோனான். "பிடிக்கறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல."

சின்ன விமானங்களில் பெட்ரோல் காட்டும் முள்ளை யாரும் பெரிதாக நம்புவதில்லை. இறக்கையின் மேல் ஏறி, மூடியைத் திறந்து, ஒரு மரக்குச்சியை டாங்க்குக்குள் விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அண்ணனும் தம்பியும் தங்கள் குச்சியில் லிட்டர் கணக்குப் போடாமல், எவ்வளவு நேரம் பறக்கலாம் என்று கோடு போட்டிருந்தார்கள். அதுதான் வினை. இதற்கு முன் அவர்களிடம் இருந்த வண்டி கொஞ்சமாகக் குடிக்கும், இது ஊதாரி. இரண்டு குச்சிகளும் ஒரே மரம், ஒரே நீளம். கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிய தம்பி, பழைய வண்டியின் குச்சியை இந்த வண்டியின் கதவுப் பையில் செருகிவிட்டான். அவர் கை எப்போதும் போல அங்கே போனது, குச்சியும் எப்போதும் போல அங்கே இருந்தது. குச்சியை விட்டு எடுப்பது அவர் வேலை, கோட்டைப் படித்துச் சொல்வது வாலுவின் வேலை. நிறைய இருக்கு என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். விசாரணைக்கு வந்தவர்கள் கண்டுபிடித்தது இவ்வளவுதான். அவள் கொழுந்தனைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

சிலிண்டருக்குப் பிறகு ஸ்கூட்டர். காலையில் டாங்க் ததும்ப நிரப்பியது, சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் கிளம்ப மறுத்தது. மூடியைத் திறந்து போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். உள்ளே தகரம் கழுவித் துடைத்த பாத்திரமாகப் பளபளத்தது. பெட்ரோல் வாடைகூட இல்லை. திருடுகிறவன் வாடையையுமா எடுத்துப் போவான்?

இன்னொரு நாள், இருட்டும் வேளையில் கரண்ட் போனது. மெழுகுவத்திப் பெட்டியைத் தடவி எடுத்துத் திறந்தாள். விரலில் நூல் நூலாகத் தட்டுப்பட்டது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெள்ளைத் திரிகள் மட்டும் பெட்டிக்குள் ஒழுங்காகப் படுத்திருந்தன. மெழுகு இல்லை, மெழுகு உருகி ஓடிய தடமும் இல்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டு, சின்னவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மின்விசிறி நின்றிருந்தது, ஃபிரிட்ஜ் நின்றிருந்தது, தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த அமைதியின் அடியில், வெகு தூரத்தில், ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நடை உண்டு. இதன் நடையில் லேசான நொண்டல் இருந்தது. நாலாவது அடி எப்போதும் கொஞ்சம் அமுங்கும். வந்தது. வீட்டுக்கு மேலே வட்டம் அடித்தது, கூரை லேசாக அதிர்ந்தது. திரும்பியது. இருமியது. மறுபடி இருமியது. நின்றது. பிறகு அந்தப் படுக்கை விரிப்பின் ஓசை.

"அக்கா," என்றாள் சின்னவள் இருட்டில்.

அவள் தன்னை நம்பவில்லை. நம்பக் கூடாது என்று அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சத்தம் புகாத சின்ன அறை ஒன்று உண்டு, சுவரெல்லாம் பஞ்சு. அதற்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்பாள். சத்தமே அனுப்பாதபோதும் சிலர் விரலைத் தூக்குவார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை, பாவம். கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அவர்கள் போன பிறகு அவளே சிரித்திருக்கிறாள். இப்போது தன் விரலும் அப்படித்தான் தூக்கிக்கொண்டது என்று நினைத்தாள்.

ஆனாலும் சோதித்துப் பார்த்தாள். மறுநாள் எல்லோரும் கிளம்பிய பிறகு, சின்னவளை நர்ஸிடம் விட்டுவிட்டு, அவளே அந்த அறைக்குள் போய்க் கனத்த கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவிளக்கு எரியும் நேரம் வரை காத்திருந்தாள். உள்ளே எதுவும் இல்லை, அவளுடைய ரத்தம் ஓடும் இரைச்சல் மட்டும். தலைக்குள் இருக்கும் சத்தமாக இருந்தால் இங்கேயும் கேட்டாக வேண்டும். கேட்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்தாள். வெளியே, கட்டடத்துக்கு மேலே, நொண்டி நொண்டி அது போய்க்கொண்டிருந்தது.

பயப்பட வேண்டிய இடம் அது. அவள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். மேலே இருக்கிறார்கள். இன்னும் விழவில்லை. அந்த நினைப்பு முடிவதற்குள் சத்தம் இருமி நின்றது.

அன்றிலிருந்து அது தினமும் வந்தது, தினமும் நின்றது. செத்தவர்களுக்கு ஒரு முறை அழலாம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் புருஷனும் பிள்ளையும் புதிதாகச் சாவதைக் கேட்கிற காதுக்கு என்ன செய்வது? அவள் அலமாரியிலிருந்து ரேடியோவை எடுத்தாள். அதன் பேட்டரி ஊதிப்போய் மூடியைப் பிளந்துகொண்டு நின்றது. ஒரு பொத்தானும் எரியவில்லை. காதில் வைத்தாள். கரகரப்பு கேட்டது. கரகரப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, வந்துட்டோம். பசிக்குது."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சிலிண்டர் எங்கே போனது, ஸ்கூட்டர் பெட்ரோல் எங்கே போனது, மெழுகு எங்கே போனது என்று. எரியக் கூடியது எதுவோ அதை வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். வேறு எங்கே போய்க் கேட்பார்கள்? வீட்டில்தானே கேட்பார்கள். இத்தனை நாள் புரியாமல் பிள்ளையைப் பட்டினி போட்டோமே.

மறுநாளே கேன்களில் பெட்ரோல் வாங்கி வந்து மொட்டைமாடியில் மூடியைத் திறந்து வைத்தாள். சாயங்காலம் கேன்கள் உலர்ந்து கிடந்தன. வண்டி நிதானமாக வட்டம் அடித்தது. சின்னவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி முடிக்கும்வரை சத்தம் இருந்தது. பிறகுதான் இருமியது. அதற்கு அடுத்த நாள் இன்னும் அதிகம் வைத்தாள். பங்க்கில் என்ன ஏது என்று கேட்டார்கள்; ஜெனரேட்டர் என்றாள். பொய் அவளுக்கு அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. பகலெல்லாம் வேலையில் கை ஓடாது. சாயங்காலம் ஆனால் தலை வாரி, நல்ல புடவை உடுத்தி, மாடிக்குப் போய் நிற்பாள். ரேடியோவில் வாலு வளவளவென்று பேசுவாள். கீழே விளக்கெல்லாம் தெரியுதும்மா. அப்பா பாட்டுப் பாடறாரும்மா, சகிக்கல. அவர் குரல் மட்டும் வராது. பின்னால் அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும், அது போதும்.

கொழுந்தன் ஒரு நாள் சொல்லாமல் வந்தான். மாடியில் கேன்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கவிழ்த்தான், மோந்தான்.

"அண்ணி, இத எதுக்கு வாங்குறீங்க?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காத தம்பி."

அவன் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தான். "எனக்கும் கேக்குது அண்ணி. தினமும் கேக்குது. அது நிக்கிற எடத்துல, அந்த வயல்ல, நானும் தினமும் போய் நின்னுக்கிட்டிருக்கேன்."

"அப்ப உனக்குப் புரியும்."

"புரியறதாலதான் சொல்றேன். அண்ணன் எறங்கட்டும். எறங்கினாத்தான் இது முடியும்."

"எம்பொண்ணு மேல இருக்கா."

"வாலு மேல இல்ல அண்ணி," என்றான் அவன். கேன்களையெல்லாம் தன் காரில் ஏற்றினான். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டான். சிலிண்டரைக் கழற்றினான், சாப்பாடு மூன்று வேளையும் தன் வீட்டிலிருந்து வரும் என்றான். போகிற வழியில் பங்க்குகளில் எல்லாம் சொல்லிவிட்டுப் போனான், அண்ணிக்கு மனசு சரியில்லை, கேனில் கொடுக்காதீர்கள் என்று. அவன் நல்லதுக்குத்தான் செய்தான். குச்சியைக் கதவுப் பையில் வைத்ததும் நல்லதுக்குத்தான்.

அன்று சாயங்காலம் அவள் மாடிக்குப் போகவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சின்னவளோடு கட்டிலில் படுத்திருந்தாள். பஞ்சையும் மீறி வந்தது சத்தம். வட்டம் அடித்தது. இருமப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இருமவில்லை. இன்னொரு வட்டம். இன்னொன்று. அவள் தூங்கும்வரை அது மேலே இருந்தது, முன் எப்போதையும் விட மிருதுவாக, நொண்டலே இல்லாமல். எதைக் கொண்டு பறக்கிறது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இவ்வளவு நாளைக்குப் பிறகு பிள்ளை சாகாத ஒரு சாயங்காலம், அதை யாராவது தோண்டித் துருவுவார்களா?

சின்னவள் மறுநாள் நேரம் கழித்து எழுந்தாள். கன்னம் ஜில்லென்றிருந்தது. பிள்ளைக்குப் போர்வையை ஒழுங்காகப் போர்த்தாமல் விட்டுவிட்டோம் என்று நினைத்தாள். மறுநாளும் ஜில்லென்றிருந்தது. பசி மட்டும் எடுத்தது. கொழுந்தன் கொண்டுவந்த சோற்றைப் பிள்ளை வழித்துத் தின்றது, இன்னும் என்றது. ஆனால் இடுப்பில் தூக்கும்போது கைக்குப் பாரம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். தெர்மாமீட்டரை மட்டும் உதறி உதறி மறுபடி வைத்தார். பிறகு அது கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டார்.

அன்று மதியம், சின்னவள் தூங்கி எழுந்ததும், அவள் பிள்ளையின் முடியைக் கோதியபடி உட்கார்ந்திருந்தாள். வெயில் கட்டில் வரை வந்திருந்தது. சின்னவள் வெயிலில் கையை நீட்டி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா வந்தாரும்மா."

"எங்க?"

"இங்கதான். தூங்கறப்ப தினமும் வர்றாரு. வாயைத் தெறன்னாரு. பெருசா, ஆன்னு."

அவள் கை முடியிலேயே நின்றுவிட்டது.

"குச்சி வெச்சாரு. நீளமா. தொண்டைக்குள்ள போச்சு."

"வலிச்சுதா?"

"அப்பா வெச்சா வலிக்காதுல்ல." சின்னவள் கொட்டாவி விட்டாள். அந்த மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. ஃபிரிட்ஜைத் திறந்தது போல இருந்தது. "அக்கா படிச்சா. நெறைய இருக்குப்பான்னா. அப்பா எனக்கு முத்தம் குடுத்தாரு."

அவள் அலறவில்லை. அலறுவதற்குக்கூட எதிரி என்று ஒருவன் வேண்டும். அவர் இந்தப் பிள்ளைக்கு வேறு டாக்டர் ஊசி போட்டாலே ரூமை விட்டு வெளியே போய் நிற்பவர். கொலை செய்ய வந்தவர் இல்லை. பிள்ளையின் சூட்டில் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்கிறோம், மிச்சம் நிறைய இருக்கிறது என்று நம்பி எடுக்கிறார். அவர் கையில் இன்னும் அந்தக் குச்சிதான் இருக்கிறது. இருப்பதை விட அதிகம் காட்டுகிற குச்சி.

ஓடினாள். தெருமுனைப் பங்க்கில் கை நீட்டிக் கெஞ்சினாள். அங்கிருந்தவன் பரிதாபமாகப் பார்த்தான், கொடுக்கவில்லை. கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

"பெட்ரோல் கொண்டா. இருக்கிற அவ்வளவும் கொண்டா."

"அண்ணி, நான் வர்றேன். ரெண்டு பேரையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"தம்பி, சொன்னாக் கேளு. சின்னவ—"

"வர்றேன் அண்ணி. அழாதீங்க."

அவன் வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. வெறுங்கையோடு வந்திருந்தான். சின்னவளின் நெற்றியைத் தொட்டவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். வீட்டில் இருந்த போர்வையையெல்லாம் இழுத்து அவளைச் சுற்றினான். மடியில் போட்டுக்கொண்டு முதுகைத் தேய்த்தான்.

"காருக்குத் தூக்கிட்டுப் போறேன். நீங்க வாங்க."

தெருவிளக்கு எரிந்தது.

சத்தம் வந்தது.

அவனும் நிமிர்ந்து பார்த்தான். அவள் ரேடியோவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறினாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். படியேறும்போதே அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் வாலு சரிம்மா என்பாள். அதன் பிறகு அந்த விரிப்பு இழுபடும் ஓசையைக் கடைசி வரை நின்று கேட்க வேண்டும். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையிடம் விழு என்று சொல்ல வேண்டும்.

மாடியில் இருட்டு. வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் சுற்றியது. தாழ்வாக. மிகத் தாழ்வாக.

"வாலு."

"அம்மா."

"எறங்குங்கம்மா. போதும். அப்பாகிட்ட சொல்லு, எறங்கச் சொல்லு."

கரகரப்பு.

"எதுக்கும்மா? அப்பா இப்பத்தான் பாத்தாரு. நான்தான் படிச்சேன். இன்னும் ரொம்ப நேரத்துக்கு இருக்கு."

"இல்லம்மா. அது நம்ம குச்சி இல்ல. பழைய வண்டிக் குச்சி. அதுல தப்பாக் காட்டும். என்னங்க, கேக்குதா உங்களுக்கு? நீங்க வெச்சிருக்கறது பழைய குச்சிங்க. அவகிட்ட அவ்வளவு இல்லைங்க. அவ சின்னதுங்க."

தொண்டையைச் செருமும் ஓசை.

பிறகு ஒன்றும் இல்லை.

எஞ்சின் மட்டும். சீராக. வழவழவென்று.

கீழேயிருந்து கொழுந்தன் கூப்பிட்டான். "அண்ணி." அவன் குரல் அப்படி இருந்து அவள் கேட்டதில்லை. "அண்ணி, இங்க வாங்க. அண்ணி."

ரேடியோவில் வாலு சிரித்தாள்.

"அம்மா, சின்னவ வந்துட்டா. எடமே பத்தல. எம்மடியிலதான் உக்காந்திருக்கா."

அவளுக்கு எல்லாம் நிதானமாக, தெளிவாக இருந்தது. இனி அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே என்று இருந்தவரைதான் அது ஒரு வார்த்தை.

"வாந்தி வருதான்னு கேளு," என்றாள்.

"இல்லையாம்மா. கையாட்டுறா, பாரு."

அவள் இருட்டைப் பார்த்துக் கையாட்டினாள். அப்போது எஞ்சின் ஒரு தரம் இருமியது.

பிறகு இன்னொரு தரம்.

படியில் கொழுந்தனின் காலடி ஏறி வந்தது, கனமில்லாத எதையோ ஏந்திக்கொண்டு வருகிறவனின் காலடி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பகல் சூடு இன்னும் மிச்சமிருந்த மொட்டைமாடித் தரையில் மல்லாந்து படுத்தாள். தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள். அவர் எப்போதும் நோயாளிகளிடம் சொல்கிற மாதிரி, தாடையைத் தளர்த்தி, வாயை நன்றாகத் திறந்தாள். உதட்டோரம் காற்று ஜில்லிட்டது. உலர்ந்த மரத்தின் முனை ஒன்று பல்லில் இடிக்காமல் உள்ளே இறங்கி, நாக்கைத் தாண்டி, மெல்ல, மிக மெல்ல, கீழே போனது. வலிக்கவே இல்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று மட்டும்தான் அவளுக்குக் கவலையாக இருந்தது.